இருபத்தொன்றாம் நம்பரில் மதியச் சாப்பாடு

"மேடம், இந்த இருபத்தொண்ணு யாருக்குன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கிட்டா எனக்கு வேல முடிஞ்சிரும்" என்று என் மேசைக்கு அடியிலிருந்து ராஜவேல் சொன்னார். இன்டர்காம் போட வந்தவர். தலை மேசைக்கடியிலும் கால் ஆயில் ஃபில்டர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலுமாகக் கிடந்தார். ரெண்டு பேர் என்று அவர் சொன்னதில் ஒருத்தி நான், சந்திரலேகா, டிராக்டர் கம்பெனியின் சிதம்பரம் கிளையில் உதிரிபாகக் கவுன்ட்டர் பார்ப்பவள். இன்னொருவர் கடலூர் செம்மண்டலத்தில் உள்ள தலைமை ஷோரூமில் அதே வேலை பார்க்கும் தனக்கோடி. அவரை நான் பார்த்ததே இல்லை. பார்க்காத ஆளோடு என்னத்தைப் பேசி முடிவு பண்ணுவது?

பெரிய முதலாளி சபாபதி இருந்தவரை இரண்டு ஊர் ஆபீஸுக்கும் ஒரே மாதிரி நம்பர்தான். எங்கே போய் உட்கார்ந்தாலும் கேஷியர் பன்னிரண்டு, ஒர்க்‌ஷாப் பதினைந்து, உதிரிபாகம் இருபத்தொன்று. தன் மண்டையில் ஒரு கணக்குதான் ஏறும் என்று சொல்லி அப்படி வைத்தார். கடலூரின் எக்ஸ்சேஞ்ச் பெட்டி தனியாகவும் எங்களுடையது தனியாகவும் இருந்தவரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அவர் காலமான பிறகு பொறுப்புக்கு வந்த மகன் அருண்குமார் இரண்டு பெட்டியையும் இன்டர்நெட் வழியாக ஒன்றாகக் கோத்துவிடச் சொன்னார். இனிமேல் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் பேச வெளி நம்பர் தேவையில்லை, பக்கத்து அறைக்கு அடிப்பதுபோல அடித்துக்கொள்ளலாம். ஆனால் பன்னிரண்டை அழுத்தினால் எந்த ஊர் கேஷியருக்கு அடிப்பது என்று பெட்டி முழிக்குமே, அதனால் கடலூர் நம்பர்களுக்கெல்லாம் முன்னால் ஒரு நான்கு, எங்களுடையவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு ஐந்து.

முதல் ரகளை எங்கள் கேஷியர் உத்திராபதியால் வந்தது. ஐந்நூற்றுப் பன்னிரண்டைக் கூட்டினால் எட்டு. "கல்லாவுல கொண்டாந்து எட்ட ஒக்கார வச்சா வெளங்குமா?" என்று போனைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் அந்த நம்பரை டிராக்டர் கழுவும் ஷெட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே எல்லாம் தண்ணீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, எட்டு வந்து புதிதாகக் கெடுப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்கப்புறம் ஆளாளுக்குத் தங்கள் நம்பரைக் கூட்டிப் பார்த்துக்கொண்டு ராஜவேல் பின்னாலேயே திரிந்தார்கள். பாவம், அந்த மனுஷன் ஜோசியரும் ஆகவேண்டியதாயிற்று.

என் நம்பரில் வேறு விதமான சிக்கல். நாங்கள் விற்ற ஒவ்வொரு டிராக்டரின் மட்கார்டிலும் கம்பெனி போன் நம்பரும், அதை அடித்துவிட்டு அழுத்த 'உதிரிபாகங்களுக்கு 21' என்றும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. புவனகிரியிலும் காட்டுமன்னார்கோயிலிலும் குறிஞ்சிப்பாடியிலும் சேற்றில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை நிறுத்தி யார் போய் ஸ்டிக்கர் மாற்றுவது? கிளைக்கு வந்த அருண்குமார் கவுன்ட்டரில் கையூன்றி நின்று அதைத் தீர்த்துவைத்தார். "இருபத்தொண்ணு பொதுவா இருக்கட்டும். அடிச்சா ரெண்டு ஊர்லயும் அடிக்கட்டும், யாரு ஃப்ரீயோ அவுங்க எடுக்கட்டும். தை அறுப்பு முடியட்டும். எப்பிடி ஓடுதுன்னு பாத்துட்டு, ஒரு கவுன்ட்டர் போதும்னு தோணுச்சுன்னா ஒண்ணே வச்சுக்கலாம்." சிரித்துக்கொண்டே சொன்னார். நல்ல பிள்ளைதான், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாது. ஆனால் எனக்கோ கடலூர்க்காரருக்கோ தை மாதத்தோடு நாற்காலி போகிறது என்பது மட்டும் அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது.

அந்த நாற்காலியை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. விருத்தாசலத்தில் கட்டிக்கொடுத்தார்கள், ஒத்துவரவில்லை, ஒரு வருஷத்தில் திரும்பி வந்தேன். அம்மா இருந்தவரை அம்மா. இப்போது கனகசபை நகரில் ஒரு மாடி போர்ஷன். சாயந்தரம் வீட்டுக்குள் நுழைந்ததும் டி.வி.யைப் போடுவேன், பார்ப்பதற்காக அல்ல. தனிமை கினிமை என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இருந்தாலும் எனக்கிருந்தது அதுதான், அதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது? ஆபீஸிலும் என் கவுன்ட்டர் ஷோரூமுக்குப் பின்னால், குடோனுக்குள். மதியம் மெக்கானிக்குகள் ஒர்க்‌ஷாப்பில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ரிசப்ஷன் வினோதினியும் மற்றவர்களும் மாடியில். குடோனைத் திறந்து போட்டுவிட்டு நான் போக முடியாது. தனியாகச் சாப்பிடுவது பழகிப்போன விஷயம். பக்கத்தில் செல்லை வைத்து அதில் ஏதாவது ஓடவிட்டுக்கொள்வேன்.

ராஜவேல் புதுப் போனை வைத்துவிட்டு அதன் சங்கதிகளைச் சொல்லிக்கொடுத்தார். "இந்த பட்டன்கிட்ட செவப்பா லைட் எரிஞ்சா, கடலூர்ல அவரு ரிசீவர் எடுத்திருக்காருன்னு அர்த்தம். நீங்க எடுத்தா அங்க எரியும். லைட் எரியறப்ப நீங்களும் எடுத்தீங்கன்னா அந்த பேச்சுக்குள்ளயே போயிருவீங்க, மூணு பேரும் பேசலாம். ஆனா ஒண்ணு, யாராச்சும் ஒருத்தரு எடுத்து வச்சிருந்தா வெளியேர்ந்து வர்றவங்களுக்கு பிஸின்னு வந்துரும். நம்பர் ஒண்ணுதான பாருங்க." நான் தலையாட்டினேன். என் மனசெல்லாம் எவ்வளவு வேகமாக எடுப்பது என்பதிலேயே இருந்தது.

முதல் நாளே இருவரும் ஒரே நொடியில் எடுத்துவிட்டோம். புவனகிரிப் பக்கத்து விவசாயி ஒருவர் ரோட்டவேட்டர் கத்தி கேட்டுக் கூப்பிட்டிருந்தார். இரண்டு அலோ கேட்டதும் மிரண்டுபோனார். "யாருங்க அது, ரெண்டு பேரு பேசறீங்க?" அப்போதுதான் தனக்கோடியின் குரலை முதன்முதலாகக் கேட்டேன். கரகரப்பான, நிதானமான குரல். "நீங்க பேசுங்கம்மா, நான் வச்சிட்றேன்." வைத்தும் விட்டார். நல்ல மனுஷன் என்று எனக்குத் தோன்றவில்லை, நடிக்கிறார் என்றுதான் தோன்றியது. இரண்டு பேருக்கு ஒரு இலைதான் போட்டிருக்க, நீங்க சாப்பிடுங்க என்கிறவரை எப்படி நம்புவது? அடுத்த அழைப்பிலிருந்து முதல் மணி முழுசாக அடித்து முடிப்பதற்குள் எடுத்தேன். தண்ணீர் குடிக்கப் போனாலும் காது போனில் இருந்தது. பாத்ரூம் போவதைக்கூடத் தள்ளிப்போட்டு அவஸ்தைப்பட்டேன். பெரும்பாலும் நானே ஜெயித்தேன். சிவப்பு விளக்கு எப்போதாவது எரிந்தால் வயிறும் சேர்ந்து எரிந்தது.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒன்றைக் கவனித்தேன். மதியம் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகிற நேரத்துக்கு விளக்கு எரியத் தொடங்கும். அணைவதே இல்லை, ரொம்ப நேரம் அப்படியே எரியும். அப்படி என்ன பேச்சு? வரும் அழைப்பு எனக்குக் கிடைக்காமல் இருப்பதற்காக வேண்டுமென்றே எடுத்து வைக்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. வந்த பிறகு சும்மா இருப்பேனா? வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு ரிசீவரை எடுத்தேன்.

யாரும் பேசவில்லை. டிபன் பாக்ஸ் மூடியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அப்பளம் நொறுங்கியது. ஒரு செருமல், தண்ணீர் குடிக்கும் சத்தம், ஒரு ஏப்பம். நடுநடுவே ஒரு ஃபேன் கிரீச் கிரீச்சென்று கத்தியது. ஒரு ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். சட்டென்று வைத்துவிட்டேன். யாரோ கதவைத் தாழிடாமல் சாப்பிடுவதை எட்டிப் பார்த்த மாதிரி கூச்சமாக இருந்தது. ஆனால் மறுநாளும் விளக்கு எரிந்தது, மறுநாளும் எடுத்தேன். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, கையால் பொத்திக்கொண்டு கேட்பதற்குப் பதிலாக ரிசீவரை என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். செல்லை அணைத்தேன். அவர் சாப்பிட, நானும் சாப்பிட்டேன். அன்றைக்குச் சோறு மிச்சம் வைக்கவில்லை. அம்மா போனதற்கப்புறம் இன்னொருவர் சாப்பிடும் சத்தத்தை நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கியதற்கு ஊறுகாய்மேல் பழி போட்டுக்கொண்டேன்.

அவருக்குத் தெரியாது என்றே ஒரு வாரத்துக்குமேல் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ரிசீவருக்குள்ளிருந்து, "இன்னிக்கு என்னாம்மா கொழம்பு?" என்று கேட்டது. கையில் இருந்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. நான் எடுத்தால் அங்கேயும் விளக்கு எரியும் என்பதை மறந்தே போயிருந்தேன். முதல் நாளிலிருந்தே தெரிந்துகொண்டுதான் அந்த மனுஷன் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் சாப்பிட்டிருக்கிறார்.

"இன்னிக்குக் கிருத்திகைண்ணே. சாம்பார்தான்" என்றேன்.

"எனக்கு நெத்திலி கருவாடு. நல்லவேள, வாசன போன்ல வராது."

அந்த வாசனையால்தான் எல்லாமே. தனக்கோடி தேவனாம்பட்டினத்துக்காரர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், கட்டுமரம் புரண்டு கால் நசுங்கியதால் கரையேறி, பெரிய முதலாளியின் தயவில் வேலைக்கு வந்தவர். கடலூர் ஷோரூமில் மேலே ஏ.சி. போட்ட சாப்பாட்டு ஹால் இருக்கிறது. கருவாட்டைத் திறந்தால் ஹால் பூராவும் நாறுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். சண்டை போடாமல் அவர் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கவுன்ட்டருக்கே வந்துவிட்டார். சோற்றில் கை வைத்ததும் போன் அடிக்கும், கழுவிக்கொண்டு எடுக்கவேண்டும். சர்க்கரைக்காரர், நேரத்துக்கு நிதானமாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதனால் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருக்கிறார். "மொதல்ல அதுக்குத்தான் வச்சேன். அப்பறம் ஒங்க லைட்டு எரிய ஆரம்பிச்சிது, சரி இருக்கட்டும்னுட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகும் நாங்கள் பெரிதாகப் பேசிவிடவில்லை. குழம்பு கேட்போம். மழை கேட்போம். கடலூர்த் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்த ஒருநாள் போனில் சடசடவென்று மழை கொட்டியது, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "தெக்கதான் வருது, துணி காயப்போட்டிருந்தா எடுத்துக்குங்க" என்றார். நான் பாக்ஸைக் கழுவி வைப்பதற்குள் எங்கள் தகரக் கூரையிலும் கொட்டத் தொடங்கியது. மனைவி போய்ச் சில வருஷம் ஆகிறது என்றார். தானே பொங்கிக்கொள்கிறார். ஒரே மகள் பூஜா காரைக்காலில், மருமகன் பேங்கில் வேலை. வந்துவிடு வந்துவிடு என்று மகள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். "அந்த வூட்டுக்கு நான் போவ மாட்டேம்மா. மருமவனுக்குக் கருவாடு ஆவாது. அதுல்லாம என்னா சாப்பாடு, சொல்லுங்க." வேலை போய்விட்டால் என்ன செய்வார் என்று எனக்குள் ஓடியது. நான் கேட்கவில்லை. தை அறுப்புப் பற்றி இருவரும் ஒருநாளும் வாயெடுத்ததில்லை. மற்ற நேரங்களில் மணி அடித்தால் பழையபடி பாய்ந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போட்டி கிடையாது.

செல் நம்பர் வாங்கிக்கொண்டிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். செல்லில் கூப்பிட்டால் பேசவேண்டும். பேசுவதற்கு எங்களிடம் என்ன இருந்தது?

ஒரே ஒரு வழக்குதான் எங்களுக்குள் தீராமல் கிடந்தது. ஃபேன் வழக்கு. "ஒங்க ஃபேனு ரொம்ப கத்துதும்மா, எண்ண வுடச் சொல்லுங்க" என்பார். "கத்தறது உங்க ஃபேன் அண்ணே, எங்க ஃபேன் கத்தாது" என்பேன். இத்தனை வருஷமாக அதன் கீழ் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? "அட, எங்க ஃபேனு புதுசும்மா" என்பார். "புதுசுதான் கத்தும்" என்பேன். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க அவருக்கும் மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை. சிரித்துக்கொண்டு சாப்பிடுவோம்.

தை பிறந்து அறுப்பு மும்முரமானது. சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் ஒருவருக்கு வயல் நடுவில் அறுவடை மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. மதியத்தில் இருபத்தொன்றுக்குத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார், பிஸி பிஸி என்றே வந்திருக்கிறது. வானம் வேறு மூடிக்கொண்டு வர, வேறு கடையில் வாங்கி மாட்டிவிட்டு நேராகக் கடலூருக்குப் போய்விட்டார். அவர் அருண்குமாருக்கு மாமா முறையாம். ஷோரூமில் நின்றபடி, "என்னா மாப்ள, கடைய மூடிட்டீங்களா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சாப்பிடப்போகிற நேரத்தில் ராஜவேல் பையைத் தூக்கிக்கொண்டு குடோனுக்குள் வந்தார் என்பதுதான்.

"மதியத்துல லைன் மாட்டிக்குதாம் மேடம். இங்கேர்ந்தே பாத்துட்றேன்" என்று என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடலூருக்குத் தகவல் சொல்ல வழியில்லை. போனே அவர் முன்னால்தான் இருந்தது. கம்ப்ரசர் நின்றது. விளக்கு எரிந்தது. ராஜவேல் அதை உற்றுப் பார்த்துவிட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். ஸ்பீக்கரில் இல்லாமலேயே எனக்குக் கேட்டது, அவ்வளவு அமைதி.

"வந்துட்டீங்களா? இன்னிக்கு மத்தி மீனு கெடச்சுது. ஒங்களுக்கு என்னாம்மா கொழம்பு?"

ராஜவேல் என்னைப் பார்த்தார். மூடியிருந்த என் டிபன் பாக்ஸைப் பார்த்தார். ரிசீவரைத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல மெதுவாக வைத்தார். கொஞ்ச நேரத்தில் விளக்கு தானாக அணைந்தது. "லைன்ல ஃபால்ட் ஒண்ணும் இல்ல மேடம்" என்றார். பையை மூட அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. "மொதலாளி கேப்பாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"பாத்தத சொல்லுங்க" என்றேன். வேறென்ன சொல்லமுடியும்?

மறுநாள் காலையில் அருண்குமாரே வந்துவிட்டார். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரு பேரிங் டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராஜவேல கேட்டா லைன் நல்லாருக்குங்கறாரு, அதுக்குமேல வாய தெறக்க மாட்டேங்கறாரு. தனக்கோடிய கேட்டேன். நான்தான் மறதியா எடுத்து வச்சிட்டேன், அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்கறாரு. வயசாயிடுச்சுல்ல. ஒங்க பக்கம் தப்பு இல்லன்னா சொல்லிடுங்க, நான் பாத்துக்கறேன்."

எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபத்தொன்று முழுசாக எனக்கு. ஐப்பசியில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், கூடவே நாலு வார்த்தை சேர்த்தும் சொல்லியிருப்பேன். "நானும்தான் சார் எடுத்து வச்சேன்" என்றேன். "அவரு எடுத்ததும் நானும் எடுப்பேன். தெனம்."

அருண்குமார் டப்பாவைக் கீழே வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னை நேராகப் பார்க்க அவருக்குத்தான் வெட்கமாக இருந்தது. "தெனமும்னா... அப்பிடி என்னக்கா பேசுவீங்க?"

"பேச மாட்டோம் சார். சாப்புடுவோம்."

அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளப் பார்த்தார், அதையும் சொல்லவேண்டும். குடோனைச் சுற்றி ஒருமுறை பார்த்தார், அலமாரி அலமாரியாக ஃபில்டர்களையும் பெல்ட்களையும் பார்த்தார், என் பாக்ஸைப் பார்த்தார். "வயல்ல மெஷின் நின்னுபோச்சுக்கா" என்றார் தாழ்ந்த குரலில். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அறுத்துப் போட்ட நெல்லும் மூடிக்கொண்டு வந்த வானமும் என் கண்ணில் வந்து நின்றன. சரிதான் சார் என்றேன். ஒரு கவுன்ட்டர்தான் வைத்துக்கொள்ளப்போவதாகவும் யாரென்று திங்கட்கிழமை சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். என் வாயால் நானே என் நாற்காலியை ஆட்டிவிட்டேன் என்று தெரிந்தது. அதற்காக அழவில்லை. சாயந்தரம் வீட்டுக்குப் போய், அடுத்து எந்தக் கடையில் வேலை கேட்கலாம் என்று யோசித்தபோதுதான் அழுகை வந்தது.

சனிக்கிழமை மதியம் விளக்கு எரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எரிந்தது. எடுத்தேன்.

"சோறு தின்ன கூப்புடல, பயப்படாதீங்க" என்றார் தனக்கோடி. "சட்டுனு சொல்லிட்டு வச்சிட்றேன். நின்னுக்கறேன்னு சொல்லிட்டேம்மா."

"ஏண்ணே?"

"காலு முன்ன மாரி இல்ல. பூஜாவும் கூப்புட்டுக்கினே இருக்கா. பேரப்புள்ளைங்கள பாத்துக்கினு காரைக்கால்லயே கெடக்கறேன்."

மகள் வீட்டில் கருவாடு ஆகாது என்று எனக்குச் சொன்னது அவர்தானே. சொன்னதை மறந்துவிட்டாரா, நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாரா? "நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே அண்ணே, நீங்க ஏன்..." என்றேன்.

"சொன்னீங்களாமே. அருண் தம்பி வந்து கேட்டுச்சு. எனக்கு சிரிப்பு வந்துட்டுது" என்றார். நடுவே ஃபேன் கத்திக்கொண்டிருந்தது. "மாசி மகத்துக்கு எங்க ஊருக்கு வருவேன், சாமியெல்லாம் கடலுக்கு வரும். நீங்களும் வாங்க."

"அந்தக் கூட்டத்துல உங்கள எப்பிடிக் கண்டுபுடிக்கறது? எனக்கு உங்க மொகமே தெரியாதே."

"ஒரு கால இழுத்துக்கினு வர்றவன் நானு. அதுல என்னா கஷ்டம்?" செல் நம்பரைச் சொன்னார், குறித்துக்கொண்டேன். "வச்சிட்றேம்மா. போறப்பவாச்சும் ஒத்துக்குங்க. அந்த ஃபேனு ஒங்களுதுதான்."

"இல்லவே இல்ல. உங்களுது" என்றேன். சிரிப்புக் கேட்டது. விளக்கு அணைந்தது.

திங்கட்கிழமை ராஜவேல் வந்து ஏதோ பட்டன்களை அழுத்திப் பார்த்தார். கடலூர்ப் போனைக் கழற்ற இரண்டொரு நாள் ஆகும் என்றும், அதுவரை அது அங்கே சும்மா இருக்கும் என்றும் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அன்றைக்கு முழுக்க இருபத்தொன்று எனக்கே எனக்காக அடித்துக்கொண்டிருந்தது. நெல்லிக்குப்பத்தில் கிளட்ச் பிளேட், பரங்கிப்பேட்டையில் ஆயில் சீல், குறிஞ்சிப்பாடியில் ஃபேன் பெல்ட். பாய்ந்து எடுக்கவேண்டிய அவசியம் இல்லை. நான் எடுக்காவிட்டால் எடுப்பதற்கு ஆள் இல்லை. நாற்காலி நிலைத்துவிட்டது என்று உத்திராபதி வந்து கைகொடுத்தார். இருபத்தொன்றைக் கூட்டினால் மூன்று, ராசியான நம்பர் என்றார்.

கம்ப்ரசர் நின்றது. பாக்ஸைத் திறந்தேன். முதல்நாளே வாங்கி வந்து, யூட்யூப் பார்த்து வைத்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மாடியிலிருந்து யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினாலும் கத்தட்டும். போனைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை, எப்படி எரியும்? செல்லில் அவர் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வது, சாப்பிடுங்கள் என்றா? அந்த நேரத்தில் மகள் வீட்டில் கூட்டோ பொரியலோ பரிமாறிக்கொண்டிருப்பார்கள்.

ரிசீவரை எடுத்து பாக்ஸுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். ஒரு வாய் சோறு தின்கிற நேரம், அதற்குள் யார் வயலிலும் எதுவும் அறுந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அருண்குமார் கேட்டால் கேட்கட்டும். கடலூரில் ஆளில்லாத மேசையில் இப்போது சிவப்பு விளக்கு எரியும். ரிசீவர் முதலில் ங் என்று இரைந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

கிரீச் கிரீச் என்று கேட்டது.

"அண்ணே?" என்றேன். எழுந்தே நின்றுவிட்டேன். "அண்ணே, வந்துட்டீங்களா?"

பதில் இல்லை. கிரீச் கிரீச். ரிசீவரை எடுத்துக் காதில் அழுத்தினேன், உள்ளே ஒன்றுமே இல்லை. சத்தம் தலைக்கு மேலிருந்து வந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கம்ப்ரசர் ஓடுகிற நேரமெல்லாம் அதில் அமுங்கிப்போயும், சாப்பிடுகிற நேரத்தில் செல் பாட்டில் அமுங்கிப்போயும், என் ஃபேன் இத்தனை வருஷமாக என் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டிருந்திருக்கிறது. சுவரருகே போய் சுவிட்சை அணைத்தேன். இறக்கைகள் தளர்ந்து சுற்றின, சத்தம் இழுத்து இழுத்து நின்றது. குடோன் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கிரீச்சைக் கேட்டுக்கொண்டுதான் அவர் தினமும் சாப்பிட்டிருக்கிறார்.

கொஞ்ச நேரம் சுவிட்சில் கை வைத்தபடி நின்றிருந்தேன். பிறகு மறுபடி போட்டேன். முதல் சுற்றிலேயே கத்தத் தொடங்கிவிட்டது. ரிசீவரின் வாய்ப்பக்கம் ஃபேனைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வைத்துவிட்டு, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தேன்.